அப்பா ப்ரோட்ஸ்கி, மகள் ப்ரோட்ஸ்காயா

நான் எழுதின ஒரே ஒரு 'இஃப்' கண்டிஷனால ஒரு பெண்ணுக்கு அவங்க அப்பாவோட இன்ஷூரன்ஸ் பணம் அஞ்சு வாரம் தாமதமாச்சு. முதல்ல அதை ஒத்துக்கிட்டு மேல போறேன்.

ருஷ்ய மொழி பேசுறவங்க நிறைய இருக்கிற ஒரு நாட்டு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகப் பொட்டி தட்டிட்டிருந்த சமயம். பாலிசிதாரர் இறந்து போயிட்டா, நாமினின்னு வர்றவர் நிஜமாவே அவரோட பிள்ளைதானான்னு பார்க்கிற மாட்யூல் என் தலையில விழுந்தது. ரூல் ரொம்ப எளிமை. உறவு 'மகன்' அல்லது 'மகள்'னு இருந்து, குடும்பப் பெயர் ஒத்துப் போகலைன்னா சந்தேக வரிசையில தள்ளு. கல்யாணமான பெண்ணுன்னா மட்டும் விட்டுடு.

ருஷ்யாவில பெண்களோட குடும்பப் பெயர் கொஞ்சம் மாறும்னு எனக்கும் தெரியும். இவானோவ் மகள் இவானோவா, பெட்ரோவ் மகள் பெட்ரோவா. கடைசியில ஒரு 'ஆ' இருந்தா வெட்டிட்டு ஒப்பிடு, அவ்வளவுதானே? டெஸ்ட் டேட்டாவில இருந்த அத்தனை பேரும் இவானோவ், பெட்ரோவ், சிதோரோவ் தான். எல்லாம் பச்சை விளக்கு. பார்ட்டி கூட குடுத்தோம்.

ஒரு நாள் சாயங்காலம் கால். க்ளையன்ட் பக்கத்திலிருந்து வயசான ஒரு அம்மா. கோபமே இல்லாம நிதானமாக் கேட்டாங்க: "அப்பா பேர் ப்ரோட்ஸ்கி. மகள் பேர் ப்ரோட்ஸ்காயா. இதில உங்களுக்கு என்ன சந்தேகம்?"

ஸ்க்ரீனைப் பார்த்தேன். 'ப்ரோட்ஸ்காயா'வில 'ஆ'வை வெட்டினா 'ப்ரோட்ஸ்காய்'. அது எங்கே ப்ரோட்ஸ்கியோட ஒத்துப் போகும்? ஒத்துப் போகாத கேஸ்னு என் ப்ரோக்ராம் கடமை தவறாம வரிசையில போட்டு, அந்த வரிசையை யாரும் திறந்து பார்க்காம, அஞ்சு வாரம் ஓடிப் போச்சு. அப்பனைப் பறிகொடுத்த பொண்ணு ஒவ்வொரு வாரமும் போன் பண்ணியிருக்கு. 'பரிசீலனையில் உள்ளது'ன்னு பதில் போயிருக்கு.

மன்னிப்புக் கேட்டுட்டு, பேச்சை மாத்தறதுக்காக "அந்தப் பேருக்கு என்னங்க அர்த்தம்?"னு கேட்டேன். "அர்த்தம் என்ன, ப்ரோடிக்காரங்க. அவ்வளவுதான்"ன்னு சொல்லிட்டு வச்சுட்டாங்க.

ப்ரோடிக்காரர், ப்ரோடிக்காரி. மதுரைக்காரன், மதுரைக்காரி. இதைத்தான் என் ப்ரோக்ராம் 'உறவு இல்லை'ன்னு சொல்லியிருக்கு! இத்தனைக்கும் எனக்குக் குடும்பப் பெயரே கிடையாது. இனிஷியலை விரிச்சு, அப்பா பேரை 'லாஸ்ட் நேம்' கட்டத்தில அடைச்சு விசா வாங்கின ஆள் நான். வெளிநாட்டு ஆபீஸ்ல எல்லாரும் என்னை எங்கப்பா பேர் சொல்லிக் கூப்பிட்டப்போ எவ்வளவு நெளிஞ்சிருப்பேன்! பேர் ஊருக்கு ஊர் வேற மாதிரி வேலை செய்யும்னு என்னை விட யாருக்குத் தெரிஞ்சிருக்கணும்?

அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரலை. சரி, இந்த ப்ரோடி எங்கேதான் இருக்குன்னு மேப்பைத் திறந்தேன். திறந்தது தப்பாப் போச்சு. ஒரு ப்ரோடியைத் தேடினா கிழக்கு ஐரோப்பா முழுக்க ப்ரோட், ப்ரோட், ப்ரோட்!

'ப்ரோட்' ரொம்பப் பழைய ஸ்லாவிய வேர்ச்சொல். பாலமோ படகோ இல்லாம, ஆத்தில இறங்கி நடந்தே அக்கரை போகக்கூடிய ஆழமில்லாத இடம். ருஷ்யன், உக்ரேனியன், போலிஷ், செக், பல்கேரியன் எல்லாத்திலயும் கொஞ்சம் உச்சரிப்பு மாறி இன்னிக்கும் இருக்கு. 'ஆழம் தெரியாமக் காலை விடாதே'ன்னு நாம சொல்றதை ருஷ்யாக்காரங்க 'ப்ரோட் எங்கேன்னு தெரியாமத் தண்ணியில இறங்காதே'ன்னு சொல்வாங்க. குரோவேஷிய மொழியில இந்தச் சொல் வளர்ந்து, இன்னிக்கு 'ப்ரோட்'னா கப்பல். நடந்து கடக்கிற இடம் கடைசியில கடக்க உதவுற வாகனமாவே ஆயிடுச்சு.

நமக்கும் இதுக்கு நல்ல சொல் இருக்கு. கடவு. கடவுச்சீட்டுல இருக்கே, அதே கடவு தான்.

பாலம் கட்டத் தெரியாத காலத்தில கடவு இருக்கிற இடத்திலதான் வண்டி வந்து நிக்கும். வண்டி நின்னா சத்திரம், சத்திரம் வந்தா சந்தை, சந்தை வந்தா சுங்கம், சுங்கம் வந்தா கோட்டை. இப்படித்தான் ஊர் முளைக்கும். ஆறு ஏகப்பட்டது, கடவும் ஏகப்பட்டது. அதனால வெறும் 'ப்ரோட்'னு சொன்னா எந்த ப்ரோட்னு குழப்பம். முன்னாடி ஒரு அடைமொழி தேவைப்பட்டது. செக் நாட்டை மட்டும் எடுத்துக்குங்க. ப்ராக் நகரத்துக்குக் கிழக்கே செஸ்கீ ப்ரோட், அதாவது செக் கடவு. மொராவியாவில ஹங்கேரிப் பக்கம் போற வழியில உஹெர்ஸ்கீ ப்ரோட், ஹங்கேரியக் கடவு (துப்பாக்கிப் பிரியர்களுக்குத் தெரிஞ்சிருக்கும், சி.இசட். துப்பாக்கி அங்கேதான் தயாராகுது). யிசேரா ஆத்துமேல ஜெலெஸ்னீ ப்ரோட், இரும்புக் கடவு. பேர்தான் இரும்பு, ஊர் பிரபலமானது கண்ணாடிச் சாமானுக்கு. வல்தாவா ஆத்துமேல விஷ்ஷீ ப்ரோட், மேல் கடவு. அங்கே 1259-ல ஆரம்பிச்ச ஒரு மடாலயம் இன்னும் இருக்கு. அந்த ஊருக்கு ஜெர்மன்காரங்க வச்ச பேர் ஹோஹென்ஃபுர்ட். அப்படியே மொழிபெயர்ப்பு. 'ஃபுர்ட்'னாலும் கடவுதான். ஃப்ராங்க்ஃபுர்ட்ல வர்றதும் அதுவே, ஆக்ஸ்ஃபோர்டுல வர்றதும் அதோட சகோதரச் சொல்தான்.

அடைமொழிதானே, என்ன பெரிய விஷயம்னு நினைச்சேன். ஆனா சண்டையெல்லாம் அடைமொழியிலதான்!

சசாவா ஆத்துமேல ஒரு ஊர். ஜெர்மன் குடியேறிகள் வந்ததால நெமெத்ஸ்கீ ப்ரோட், அதாவது ஜெர்மன் கடவுன்னு பேர். 1422-ல ஹூஸ் சமயக் கலகக்காரங்களோட தளபதி யான் ஜிஷ்கா இங்கே பெரிய சண்டை போட்டு ஜெயிச்சார். அப்பவும் அது ஜெர்மன் கடவுதான். நூற்றாண்டுகள் ஓடியும் அப்படியே இருந்தது. இரண்டாம் உலகப்போர் முடிஞ்ச 1945-ல 'ஜெர்மன்'ங்கிற சொல்லைத் தினமும் வாயால சொல்ல அங்கே யாருக்கும் மனசு வரலை. அந்த ஊர்ல வளர்ந்த பத்திரிகையாளர் கரேல் ஹவ்லீச்செக் பேரை வச்சு ஹவ்லீச்குவ் ப்ரோட்னு மாத்திட்டாங்க. அடைமொழி போச்சு, கடவு இருக்கு.

இன்னொண்ணு சாவா ஆத்தில. வடகரையில குரோவேஷியாவோட ஸ்லாவோன்ஸ்கி ப்ரோட். தென்கரையில பாஸ்னியாவோட போசான்ஸ்கி ப்ரோட். ஒரே கடவோட ரெண்டு முனை, அதனால ஒரே பேர். யூகோஸ்லாவியா உடைஞ்சப்போ, 1992-ல, ரெண்டையும் இணைச்ச பாலத்தைத் தகர்த்தாங்க. தென்கரை ஊரைப் பிடிச்ச செர்பியத் தரப்பு 'போசான்ஸ்கி'யை எடுத்துட்டு 'ஸ்ர்ப்ஸ்கி ப்ரோட்', செர்பியக் கடவுன்னு பேர் வச்சது. போர் முடிஞ்சு பாலத்தைத் திரும்பக் கட்டினாங்க. பேர்ப் பிரச்சினை நீதிமன்றம் வரைக்கும் போயி, கடைசியில இப்போ அதிகாரபூர்வமா வெறும் 'ப்ரோட்'. எந்த அடைமொழியும் வேண்டாம், கடவுன்னு மட்டும் இருக்கட்டும்னு விட்டுட்டாங்க. எனக்கு அது பிடிச்சிருந்தது.

சரி, நான் தேடி வந்த ப்ரோடிக்கு வருவோம்.

அது மேற்கு உக்ரைன்ல, ல்வீவ் நகரத்திலிருந்து வடகிழக்கே சுமார் 90 கிலோமீட்டர். ப்ரோட்டுக்குப் பன்மை ப்ரோடி, 'கடவுகள்'. சதுப்பு நிலத்துக்கு நடுவில கடந்து போற வழிகள். 1772-ல போலந்தைப் பங்கு போட்டப்போ ஆஸ்திரியா கைக்கு வந்தது. ரஷ்ய எல்லை சில மைல் தூரத்தில. 1779-லிருந்து சுமார் 100 வருஷம் அதைச் சுங்கவரி இல்லாத வர்த்தக நகரமா வச்சிருந்தாங்க. ஜெர்மனியோட லைப்ஸிக் சந்தைக்கும் ரஷ்யாவுக்கும் நடுவில அத்தனை சரக்கும் ப்ரோடி வழியாத்தான். வியாபாரத்தை நடத்தினவங்க பெரும்பாலும் யூதர்கள். 19-ஆம் நூற்றாண்டில ஊர் ஜனத்தொகையில ஏறக்குறைய முக்கால்வாசி அவங்கதான்.

அந்தக் காலத்து யூதர்களுக்கும் நம்மை மாதிரியே பரம்பரைக் குடும்பப் பெயர் கிடையாது. இன்னாரோட மகன் இன்னார், அவ்வளவுதான். அரசாங்கத்துக்கு வரி வாங்கணும், பட்டாளத்துக்கு ஆள் பிடிக்கணும். அப்பா பேரை இனிஷியலா வச்சுக்கிட்டுத் திரியறவனை எந்தக் கட்டத்தில எழுதறது? ஆஸ்திரியாவில 1787-ல இரண்டாம் யோசப் சட்டம் போட்டார், எல்லா யூதரும் நிரந்தரக் குடும்பப் பெயர் வச்சுக்கணும்னு. ரஷ்யாவில 1804-ல அதே மாதிரி சட்டம். என் விசா ஃபார்ம்ல இருந்த அதே 'லாஸ்ட் நேம் கட்டாயம்'! 200 வருஷத்துக்கு முன்னாடியே யாரோ ஒரு குமாஸ்தா ஃபார்மை நீட்டியிருக்கார்.

பலர் ஊர் பேரையே எழுதிக் குடுத்தாங்க. 'ஸ்கி'ங்கிற விகுதி அதுக்குத்தான். நம்ம 'க்காரர்' மாதிரி. (போலந்துப் பிரபுக்களும் தங்களோட ஜமீன் ஊர் பேரோட 'ஸ்கி' சேர்த்துக்குவாங்க. அதனால ஸ்கின்னாலே யூதர்னு முடிவு பண்ணிடாதீங்க.)

இங்கேதான் எனக்கு ஒரு விஷயம் பொறி தட்டிச்சு. ப்ரோடியிலயே இருக்கிறவனை எவனாவது 'ப்ரோடிக்காரர்'னு கூப்பிடுவானா? மதுரையில இருக்கிற வரைக்கும் யாரும் மதுரைக்காரன் இல்லை. சென்னைக்கு வந்தாத்தான் மதுரைக்காரன். ஆக, இந்தப் பேர் ஊர்ல இருந்தவனுக்குக் கிடைச்சதில்லை. ஊரை விட்டுக் கிளம்பினவனுக்குக் கிடைச்சது!

ஆதாரம் வேணுமா? 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில மெயிர் ஷோர்னு ஒருத்தர் ப்ரோடியை விட்டு எல்லை தாண்டி ரஷ்யப் பக்கம் ஸ்லாத்தோபோலுக்குக் குடி போனார். அங்கே ஷோர் ப்ரோட்ஸ்கி ஆயிட்டார். அவரோட வம்சம்தான் கீவ் நகரத்தையே ஆட்டி வச்ச 'சர்க்கரை ராஜா' ப்ரோட்ஸ்கிகள். அவங்கள்ல லாஸர் ப்ரோட்ஸ்கி 1904-ல செத்தப்போ எழுதி வச்ச பணத்திலதான் கீவோட புகழ்பெற்ற பெஸ்ஸராப்கா மார்க்கெட்டைக் கட்டினாங்க. 1898-ல அவர் செலவில கட்டின ப்ரோட்ஸ்கி தேவாலயம், சோவியத் காலத்தில பொம்மலாட்ட அரங்கமா இருந்துட்டு, இப்போ மறுபடி யூதர்களோட வழிபாட்டு இடமா இருக்கு.

இன்னொருத்தர் பெர்ல் ப்ரோடர். ஊர் ஊராப் போய் சத்திரத்தில பாட்டுக் கட்டிப் பாடினவர். சட்டப்படி அவர் குடும்பப் பெயர் மார்குலிஸ். ஆனா ப்ரோடியிலிருந்து வந்த பாட்டுக்காரர்ங்கிறதால ப்ரோடர். அவரைப் பின்பத்தினவங்களும் 'ப்ரோடர் பாடகர்கள்'. இத்திஷ் மொழி நாடகம் இவங்க கிட்டேயிருந்துதான் துளிர்விட்டதுன்னு சொல்வாங்க.

ப்ரோடி கடைசி வரைக்கும் கடவாவே இருந்தது. 1881-ல ரஷ்ய மன்னர் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்ட பிறகு யூதர்கள் மேல கலவரம் வெடிச்சப்போ, ஆயிரக்கணக்கான அகதிகள் எல்லை தாண்டி வந்து குவிஞ்சது இங்கேதான். இங்கேயிருந்து ரயில், அப்புறம் கப்பல், அப்புறம் அமெரிக்கா. 1894-ல பிறந்த எழுத்தாளர் யோசஃப் ரோத் இந்த ஊர்ப் பிள்ளை. அவரும் கிளம்பிப் போய்ப் பாரிஸ்ல செத்தார்.

கிளம்பாதவங்க கதையை எப்படி எழுதறதுன்னு தெரியலை. 1941 கோடையில ஜெர்மன் படை வந்தது. 1942 இலையுதிர் காலத்தில ரயிலேத்தி பெல்செக் கொலைமுகாமுக்கு அனுப்பினாங்க. 1943 மே மாதம் மிச்சமிருந்த கெட்டோவையும் காலி பண்ணிட்டாங்க. ஊர்ல முக்கால்வாசியா இருந்த ஒரு ஜனம் துடைச்ச மாதிரி இல்லாமப் போச்சு. இன்னிக்கு ப்ரோடிக்குப் போனா, 18-ஆம் நூற்றாண்டில கட்டின பெரிய தேவாலயத்தோட இடிஞ்ச சுவரும், ஊருக்கு வெளியே வரிசை வரிசையாக் கல்லறைக் கற்களும் இருக்கும்.

ஜனம் அங்கே இல்லை. பேர் மட்டும் உலகம் முழுக்க இருக்கு.

லெனின்கிராட்ல 1940-ல பிறந்தார் யோசஃப் ப்ரோட்ஸ்கி. கவிதை எழுதறதெல்லாம் ஒரு வேலையான்னு 1964-ல 'ஒட்டுண்ணி'ன்னு வழக்குப் போட்டு தண்டனை குடுத்தாங்க. 1972-ல நாட்டை விட்டே அனுப்பினாங்க. 1987-ல நோபல் பரிசு. நியூயார்க்ல செத்து, வெனிஸ்ல அடக்கம் ஆனார். ப்ராக்ல 1884-ல பிறந்த மாக்ஸ் ப்ரோட்டை நினைச்சுப் பாருங்க. தான் எழுதினதையெல்லாம் எரிச்சுடச் சொல்லிட்டுப் போன நண்பன் காஃப்காவோட கையெழுத்துப் பிரதிகளைப் பெட்டியில போட்டுக்கிட்டு, 1939 மார்ச்ல ஜெர்மன் படை உள்ள நுழையற நேரத்தில ரயிலேறித் தப்பிச்சு பாலஸ்தீனம் போனார். காஃப்காவைக் கரை சேர்த்தவர் பேரே 'கடவு'!

இரண்டு ஆஸ்கர் வாங்கின ஏட்ரியன் ப்ரோடியை எல்லாருக்கும் தெரியும். 2002-ல வந்த 'தி பியானிஸ்ட்'ல வார்சா கெட்டோவிலிருந்து தப்பினவரா நடிச்சார். செக் நடிகர் விளாஸ்டிமில் ப்ரோட்ஸ்கீயும் 'ஜேக்கப் தி லையர்'னு 1974-ல வந்த கிழக்கு ஜெர்மன் படத்தில கெட்டோவாசியா நடிச்சு பெர்லின் விழாவில விருது வாங்கினார். அவர் மகளும் நடிகைதான். பேர் தெரேஸா ப்ரோட்ஸ்கா. அப்பா ப்ரோட்ஸ்கீ, மகள் ப்ரோட்ஸ்கா. என் மாட்யூல்ல போட்டா இவங்களும் சந்தேக வரிசைதான் :-(

ஒரு எச்சரிக்கை. இத்தனை ப்ரோட் இருக்கிறதால, ஒவ்வொரு ப்ரோட்ஸ்கியும் அந்த உக்ரைன் ப்ரோடிலேயிருந்துதான் வந்தார்னு சொல்லிட முடியாது. அதை விட மோசம், போலிஷ்ல 'ப்ரோடா'ன்னா தாடி! அதுக்கும் கடவுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஆனா ப்ரோடான்னு குடும்பப் பெயர் இருக்கு. 'ப்ரோட்'ல ஆரம்பிச்சா ஒரே குடும்பம்னு நான் ரூலை மாத்தி எழுதியிருந்தா, தாடிக்காரன் பணம் கடவுக்காரனுக்குப் போயிருக்கும்.

இந்தத் தலைவலி எனக்கு முன்னாடியே நிறைய பேருக்கு வந்திருக்கு. அமெரிக்காவில 1918-ல காப்புரிமை வாங்கின சவுண்டெக்ஸ்னு ஒரு முறை, பேரை ஒலியை வச்சு எண்ணாக்கித் தேடும். ஆனா மாஸ்கோவிட்ஸ்ங்கிற ஒரே பேரை நடுவில 'டபிள்யூ' போட்டு எழுதினா ஒரு எண், 'வி' போட்டு எழுதினா வேற எண். ஸ்லாவிய, ஜெர்மானிய யூதப் பேர்களுக்கு அது சரிப்படலைன்னு 1985-ல கேரி மோகோடாஃப், ராண்டி டைட்ச் ரெண்டு பேரும் புதுசா ஒண்ணு செஞ்சாங்க. செஞ்சது கிளெய்மை நிறுத்த இல்லை. சிதறிப் போன சொந்தங்களை வம்சாவளித் தேடல்ல கண்டுபிடிக்க. நாங்க ரெண்டு தரப்பும் செஞ்சது ஒரே வேலை, பேரை ஒப்பிடறது. அவங்க ஒரே குடும்பமா இருக்குமோன்னு தேடினாங்க. நான் இல்லைன்னு சொல்றதுக்குத் தேடினேன்.

மறுநாள் காலையில ஆபீஸ் போய், 'ஸ்கி - ஸ்காயா'ன்னு இன்னொரு விதியைச் சேர்க்க உட்கார்ந்தேன். அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அப்புறம்? செக் நாட்டில 2022-லிருந்து பெண்கள் விரும்பினா ஆண் வடிவத்தையே வச்சுக்கலாம்னு சட்டம் மாறியிருக்கு. அங்கேயே அக்கா ப்ரோட்ஸ்கா, தங்கச்சி ப்ரோட்ஸ்கீன்னு இருக்கலாம். எத்தனை 'இஃப்' போடறது? லீட் கிட்ட போய், "பேரை வச்சு உறவை முடிவு பண்றதையே எடுத்துடலாம், பிறப்புப் பதிவைக் கேட்போம்"ன்னேன். ரெண்டு மீட்டிங் கழிச்சு ஒத்துக்கிட்டாங்க. அந்த வரிசையில மாட்டியிருந்த மத்த மகள்களோட கேஸும் அந்த வாரமே கிளியர் ஆச்சு.

அந்தப் பெண்ணுக்குப் பணம் போயிடுச்சுன்னு ஒரு வரி மெயில் வந்தது. அவங்க முகம் எனக்குத் தெரியாது. அவங்க குடும்பம் எந்த ப்ரோடியிலிருந்து வந்ததுன்னும் தெரியாது. யாரோ ஒரு கொள்ளுத் தாத்தா ஒரு கடவைத் தாண்டி வந்து, அக்கரையில ஒரு குமாஸ்தா கேட்டப்போ 'நான் அங்கேயிருந்து வர்றேன்'னு கை காட்டியிருப்பார். அந்தக் கை காட்டலைத்தான் அந்தப் பொண்ணு இன்னும் சுமக்குது.

எங்கப்பா கிட்ட போன்ல இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாக் கேட்டுட்டு, "அதெல்லாம் சரிப்பா, அஞ்சு வாரம் தாமதமானதுக்கு வட்டி குடுத்தாங்களா?"ன்னார்.

கேக்கணும்னே தோணலை எனக்கு. இதை எழுதி முடிச்சதும் அந்தம்மாவுக்கு ஒரு மெயில் போடணும்.